பாதியில் வைத்த புத்தகம் எது?

"விறுவிறுன்னு போற மாதிரி ஒரு க்ரைம் நாவல் குடுங்கண்ணா" என்று கடைக்கு வருபவரிடம், "உங்களுக்குப் பிடிச்ச புத்தகம் எது?" என்று நான் கேட்பதில்லை. அதைக் கேட்டதுமே ஆள் கொஞ்சம் நிமிர்ந்துகொள்வார். ஊரே சொல்லும் நாலு பெயரைச் சொல்வார். அதில் இரண்டைப் படித்திருக்கவே மாட்டார். "எந்தப் புத்தகத்தைப் பாதியில வெச்சீங்க, எந்த இடத்துல வெச்சீங்க?" என்று கேட்டால்தான் உண்மை வெளியே வரும். பிடித்ததைச் சொல்லும்போது கௌரவம் பார்ப்பார்கள். பிடிக்காததைச் சொல்லும்போது எரிச்சலில் எல்லாவற்றையும் கொட்டிவிடுவார்கள். புத்தகம் எடுத்துக் கொடுப்பவனுக்கு அந்த எரிச்சல்தான் உபயோகம்.

வடசென்னையில், தண்டையார்பேட்டையில் ஜெராக்ஸ், பைண்டிங் கடை வைத்திருக்கிறேன். காலேஜ் பிராஜெக்ட், ஆடிட்டர் ஆபீஸ் லெட்ஜர், கோயில் கணக்கு நோட்டு, இதுதான் பிழைப்பு. பின்சுவரில் மட்டும் தரையிலிருந்து கூரைவரை வாடகைப் புத்தகங்கள். நைனா காலத்தில் அது தனி லெண்டிங் லைப்ரரியாக இருந்தது. டிவி, கேபிள், செல்போன் என்று ஒவ்வொன்றாக வர வர லைப்ரரி சுருங்கி, கடைசியில் இந்த ஒரு சுவர் நின்றது. முக்கால்வாசி துப்பறியும் கதைகளும் மர்மக் கதைகளும்தான். 1985இல் மூர் மார்க்கெட் எரிவதற்கு முன்னால் அங்கே கட்டுக்கட்டாக வாங்கியவை பாதி. எரிந்தபின் அல்லிக்குளம் பக்கம் போன கடைகளில் வாங்கியவையும், எடைக்குப் போக இருந்ததைப் பழைய பேப்பர்காரரிடம் வழிமறித்து வாங்கியவையும் மீதி. விலையில் பத்தில் ஒரு பங்கு வாடகை என்பது நைனா வைத்த கணக்கு. இரண்டு ரூபாய் என்று அட்டையில் போட்ட புத்தகத்துக்கு இருபது காசு வாங்கினால் டீ கூடக் குடிக்க முடியாது என்பதால் இப்போது எது எடுத்தாலும் பத்து ரூபாய். பொருந்தாத புத்தகத்தைக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாய் மறுபடி வராது. அதனால் சிபாரிசு விஷயத்தில் கொஞ்சம் கவனமாகத்தான் இருப்பேன்.

வைத்தியர் நாடி பார்ப்பது மாதிரி, புத்தகம் நின்ற பக்கத்தைப் பார்த்தே பாதி விஷயத்தைச் சொல்லிவிடலாம். பத்துப் பக்கத்துக்குள் நின்றுவிட்டது என்றால் பெரும்பாலும் பெயர்க் குழப்பம். மொழிபெயர்ப்பு நாவல்களில் இது அதிகம். முதல் அத்தியாயத்திலேயே ஏழெட்டு வெளிநாட்டுப் பெயர்கள் வந்துவிடும். அதிலும் ஒரே ஆளை ஓரிடத்தில் சொந்தப் பெயராலும் இன்னோரிடத்தில் குடும்பப் பெயராலும் கூப்பிடுவார்கள். வாசகர் இரண்டு பேர் என்று நினைத்துக்கொண்டே போவார். ஒருவன் செத்ததும் இன்னொருவனைத் தேடுவார். அவருக்கு ஆள் குறைந்த கதையாக, நம் ஊர்ப் பெயர் உள்ளதாக எடுத்துக் கொடுத்தால் போதும், ஒரே மூச்சில் முடித்துவிடுவார்.

இரண்டாம் அத்தியாயத்தோடு வைத்துவிட்டேன் என்று சொன்னால் "ராஜேஷ்குமாரா?" என்று கேட்பேன். அநேகமாக ஆமாம் என்பார்கள். கோயம்புத்தூர்க்காரர், ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் நாவல் எழுதியவர். அவருடைய பல நாவல்கள் இரட்டைத் தண்டவாளத்தில் ஓடும். முதல் அத்தியாயத்தில் ஓர் ஊர், ஒரு குடும்பம், ஒரு பிரச்சினை. இரண்டாவதில் சம்பந்தமே இல்லாத வேறு ஊர், வேறு ஆட்கள். மூன்றாவதில் மறுபடி பழைய ஊர். இரண்டும் முடிகிற நேரத்தில்தான் சந்திக்கும். பழகியவருக்கு அது எங்கே சந்திக்கப்போகிறது என்று காத்திருப்பதிலேயே பாதி ருசி. புதிதாக எடுத்துப் போன ஒருவர், "பைண்டிங்ல வேற புக்கோட பக்கத்தை வெச்சித் தெச்சிட்ட போலக்குதே" என்று என்னிடமே சண்டைக்கு வந்தார். அதிலிருந்து அவர் நாவலைப் புதியவருக்குக் கொடுக்கும்போது, "ரெண்டு கதை தனித்தனியா போகும், பயப்படாதீங்க, சேர்ந்துடும்" என்று சொல்லித்தான் கொடுக்கிறேன். இதனால் கதையில் எதுவும் கெட்டுப்போவதில்லை. கெட்டுப்போகும் என்று நினைத்துச் சொல்லாமல் விட்டால் ஆள் இரண்டாம் அத்தியாயத்தைத் தாண்டுவதே இல்லை.

ஐம்பது, அறுபது பக்கத்தில் நின்றது என்றால் இன்னும் குற்றமே நடக்கவில்லை என்று அர்த்தம். வெளிநாட்டுத் தடிமன் புத்தகங்களில் ஊரையும் காலநிலையையும் துப்பறிபவரின் விவாகரத்தையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் பிணத்துக்கு வருவார்கள். நம் மாத நாவலில் வளர்ந்தவருக்கு முதல் மூன்று பக்கத்துக்குள் ஏதாவது நடந்தாக வேண்டும். அவரை மாற்ற நான் முயற்சி செய்வதில்லை.

முக்கால்வாசியில் வைப்பவர்தான் சிரமமானவர். "அதான் யாருன்னு தெரிஞ்சிபோச்சே" என்பார். பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் ஃபிட்டராக இருந்து ரிட்டையர் ஆன பெரியவர் ஒருவர் அப்படி. ஆங்கிலப் பேப்பர்பேக்குகளும் படிப்பார். பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களோடு பழகிய தலைமுறை அது. ஹாட்லி சேஸ் படிக்காத ரயில்வேக்காரரை அந்தக் காலத்தில் பார்ப்பதே கஷ்டம். (சேஸ் லண்டனில் பிறந்த எழுத்தாளர். அமெரிக்காவில் வாழாமலேயே வரைபடத்தையும் கொச்சை மொழி அகராதியையும் வைத்துக்கொண்டு அமெரிக்கக் கதைகளாக எழுதித் தள்ளினார். பெரியவருக்கு இதைச் சொன்னபோது நம்பவே இல்லை.) கொலைகாரன் யார் என்பதை இவர் எப்போதும் முன்னாலேயே பிடித்துவிடுவார். அதில் அவருக்குச் சந்தோஷமும் கிடையாது, சலிப்புதான்.

'யார்' என்ற கேள்வியே இல்லாத கதையைத்தான் இவருக்குத் தேட வேண்டியிருந்தது. ஃபிரெட்ரிக் ஃபோர்சித் எழுதிய 'தி டே ஆஃப் தி ஜேக்கல்' கொடுத்தேன். 1971இல் வந்த நாவல். பிரெஞ்சு அதிபர் டி கால்-ஐக் கொல்ல ஒரு வாடகைக் கொலையாளியை அமர்த்துகிறார்கள். போலீஸ் கையில் இருப்பதோ அவனுடைய சங்கேதப் பெயர் மட்டும். நான் சொன்னது இவ்வளவுதான். பெரியவர் உடனே மடக்கினார். "டி கால் வூட்ல தானா செத்தாருப்பா, எழுபதுல. பேப்பர்ல படிச்சிருக்கேன். அப்பறம் இன்னா சஸ்பென்ஸ்?" அவர் சொன்னது சரிதான். கொலை நடக்காது என்பது முதல் பக்கத்துக்கு முன்னாலேயே தெரிந்த விஷயம். எடுத்துப் போய்ப் படிங்க என்று அனுப்பிவைத்தேன்.

திரும்பி வந்தவர் டி கால் பற்றிப் பேசவே இல்லை. பெல்ஜியத்தில் ஒருவனிடம் துப்பாக்கி செய்யச் சொல்லிக் கொலையாளி அளவு கொடுக்கும் பகுதியை மட்டும் இரண்டு தடவை படித்தாராம். குழாய் எவ்வளவு மெல்லிசாக இருக்க வேண்டும், எப்படித் தனித்தனியாகக் கழற்ற வேண்டும் என்று இரண்டு தொழிலாளிகள் பேசிக்கொள்வதைப் போல அந்தப் பேச்சு போகும். "லேத்ல நின்னவனுக்குத்தான் அது புரியும்" என்றார். அப்புறம் கொஞ்சம் வெட்கத்தோடு, "மாட்டிக்கப் போறானேன்னு அவனுக்காகப் பயந்துட்டம்பா" என்றார். கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரரான வாசகருக்கு இன்னும் கடினமான புதிரைக் கொடுத்துப் பிரயோசனமில்லை. என்ன நடக்கும் என்பதைத் திறந்து வைத்துவிட்டு எப்படி நடக்கிறது என்பதில் பிடித்து இழுக்கும் கதையைக் கொடுங்கள். அவருடைய சொந்தத் தொழிலைத் தொட்டுப் போனால் இன்னும் நல்லது.

வேகம் என்று எல்லாரும் ஒரே வார்த்தையாகச் சொன்னாலும், புத்தகம் எந்த வடிவத்தில் முதலில் வந்தது என்பதைப் பொறுத்து அது மாறும். வாரப் பத்திரிகையில் தொடராக வந்த கதையில் ஒவ்வொரு அத்தியாயமும் சில பக்கங்கள்தான். கடைசி வரி வாசகரை அடுத்த வாரம் கடைக்கு வரவழைத்தாக வேண்டும். கதவு தட்டப்படும், விளக்கு அணையும், போனில் தெரியாத குரல் பேசும். இப்படி வந்த நாவலை ஒரே ராத்திரியில் படித்தால் ஆறு பக்கத்துக்கு ஒரு தரம் தூக்கிப் போட்டுத் தூக்கிப் போட்டு அலுத்துவிடும். அதையே கும்மிடிப்பூண்டி லோக்கலில் தினம் போய் வருபவர் படித்தால் அற்புதமாகப் பொருந்தும். தண்டையார்பேட்டையில் ஏறி உட்கார்ந்தால் கொருக்குப்பேட்டை தாண்டுவதற்குள் அத்தியாயம் சூடு பிடிக்கும். பேசின் பிரிட்ஜுக்கு முன்னால் சிக்னலுக்காக வண்டி நின்று உயிரை வாங்கும் நேரத்தில் இன்னொரு அத்தியாயம். அந்த வண்டி போய் நிற்கும் இடத்தின் பெயர் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ். சந்தை போய் அதன் பெயர் ரயில் நிலையத்துக்கு வந்துவிட்டது. சந்தையில் வாங்கிய புத்தகங்களை அந்த வண்டியில் படித்துக்கொண்டு போகிறார்கள்.

மாத நாவல் வேறு ஜாதி. நூறு பக்கத்தை ஒட்டி, ஒரே உட்காரலில் முடிக்கும்படி எழுதியது. பிரித்தால் மூட முடியாது, மூடினால் மறுபடி பிரிக்கத் தோன்றாது. மணலி, எண்ணூர் பக்கம் நைட் டியூட்டி பார்க்கும் செக்யூரிட்டி ஆட்களுக்கு இது சரிப்படாது, பன்னிரண்டு மணிக்கே தீர்ந்துவிடும். நான் நாலு மாத நாவலை ஒரே பைண்டாகத் தைத்து வைத்திருப்பது அவர்களுக்காகத்தான். அதில் நாலும் ஒரே எழுத்தாளராக இருக்கக் கூடாது. ஒருவரையே தொடர்ந்து படித்தால் மூன்றாவது கதையில் அவருடைய கை தெரிந்துவிடும். யாரை மறைக்கிறார், யாரை வேண்டுமென்றே சந்தேகப்பட வைக்கிறார் என்பதெல்லாம் பிடிபட்டுவிடும். அதனால் ஒரு சுபா, ஒரு பட்டுக்கோட்டை பிரபாகர், ஒரு ராஜேஷ்குமார், கடைசியாக ஓர் இந்திரா சௌந்தர்ராஜன் என்று வைத்துத் தைப்பேன். விடியற்காலை மூன்று மணிக்கு அமானுஷ்யக் கதை வந்தால் தூக்கம் வராது என்று ஒரு கணக்கு.

மாத நாவல்களை ஸ்டேப்ளர் பின் அடித்துத்தான் விற்றார்கள். கடல் காற்றில் அந்தப் பின் துருப்பிடித்து, முதலில் கழன்று விழுவது கடைசித் தாள்தான். துப்பறியும் கதைக்கு அதைவிடப் பெரிய விபத்து கிடையாது. வாங்கியவுடன் முதல் வேலையாகப் பின்னைப் பிடுங்கிவிட்டு, முதுகில் துளை போட்டு நூலால் தைத்து, முன்னும் பின்னும் வெற்றுத் தாள் வைத்து, மைதாப் பசையில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் கலந்து ஒட்டிவிடுவேன். மயில்துத்தம் போடாவிட்டால் பூச்சி பசையைத் தின்ன வந்து கதையையும் சேர்த்துத் தின்றுவிடும். கடைசித் தாள் ஏற்கெனவே போயிருந்தால், வேறு பிரதி எங்காவது கிடைக்கிறவரை அந்தப் புத்தகத்தை வாடகைக்கு விடுவதில்லை. கிடைத்ததும் அந்தத் தாளை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துத் தைத்துவிடுவேன்.

இந்த பைண்டிங்கால் வந்த ஒரு லாபத்தை நான் எதிர்பார்க்கவில்லை. பழைய மாத நாவல்களின் அட்டையைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே எவ்வளவு மரியாதையான கதையாக இருந்தாலும் வெளியே அரைகுறை உடையில் ஒரு பெண்ணும், ரத்தம் சொட்டும் கத்தியும் இருக்கும். அதை மேல் அட்டையாக வைத்திருந்தவரை பெண்கள் எடுக்க மாட்டார்கள், எடுத்தாலும் தினத்தந்தி சுற்றித் தரச் சொல்வார்கள். காலிகோ துணி ஒட்டிய மொட்டை அட்டைக்கு மாறியதும் காலேஜ் பெண்கள் தாராளமாக எடுத்துப் போக ஆரம்பித்தார்கள். பழைய வண்ண அட்டையைத் தூக்கி எறியவில்லை, உள்ளே ஒட்டி வைத்திருக்கிறேன். சேகரிப்பவர்கள் அதைத்தான் முதலில் தடவிப் பார்ப்பார்கள்.

இந்தப் பெண்களுக்கு ஜோடி துப்பறிவாளர் கதைகள் நன்றாகப் போகின்றன. சுபாவின் நரேந்திரன், வைஜயந்தி. பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத், சுசீலா. ஆனால் சுசீலாவின் டி-ஷர்ட் வாசகங்களை இன்றைக்குப் படிக்கிற பெண்ணுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. எண்பதுகளில் பையன்கள் அதற்காகவே புத்தகம் வாங்கினார்கள். இப்போது ஒரு பெண், "அந்த டி-ஷர்ட் வரியெல்லாம் தாண்டிட்டா கதை சூப்பர்ண்ணா" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். என் அபிப்பிராயமும் அதுவே.

பழைய கதையை இளவட்டத்துக்குக் கொடுக்கும்போது இன்னொரு தொல்லை, போன். "பக்கத்து ஊர்ல இருக்கிற அண்ணனுக்குப் போன் போட்டாலே முடிஞ்சிருக்குமே, எதுக்கு இவ்ளோ ஓடுறான்?" என்று ஒரு பையன் கேட்டான். டிரங்க் கால் புக் பண்ணிவிட்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்போம் என்பதை அவனுக்கு விளக்கியபோது அவன் முகத்தில் பரிதாபம்தான் தெரிந்தது. அதனால் கதை முதலில் வந்த வருஷம் உறுதியாகத் தெரிந்தால் உள்ளட்டையில் பென்சிலால் எழுதிவிடுகிறேன். வருஷத்தைப் பார்த்துவிட்டுப் படித்தால் இந்தக் கேள்வி வருவதில்லை.

சுஜாதாவைக் கேட்டு வருபவர்களிடமும் வருஷம் உதவும். அவருடைய துப்பறியும் வக்கீல் கணேஷ் முதலில் தலைகாட்டியது 1968இல் வந்த 'நைலான் கயிறு' நாவலில். அதில் கணேஷின் ஜூனியர் வசந்த் கிடையாது. வசந்தின் அரட்டைக்காகவே கேட்டு வருபவருக்கு, முதல் கதை என்ற மரியாதைக்காக அதை எடுத்துக் கொடுத்தால், வசந்த் எப்போ வருவான் என்று கடைசிவரை பார்த்துக்கொண்டே இருப்பார். அவருக்கு 'கொலையுதிர் காலம்' கொடுக்கலாம். பேயா, விஞ்ஞானமா என்று இரண்டு பேரும் முட்டிக்கொள்வார்கள். தனியாக இருக்கும் வீட்டில் ராத்திரி படிக்கச் சொல்லிக் கொடுத்தால் அடுத்த நாள் திட்டு நிச்சயம். அந்தத் திட்டு எனக்கு மிகவும் பிடிக்கும்.

வாடகைப் புத்தகத்தின் இன்னொரு சாபம், முன்னால் படித்த புண்ணியவான். பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு பெயருக்கு அடியில் கோடு போட்டு "இவன்தான்" என்று எழுதிவைப்பான். பென்சில் என்றால் ரப்பர் வைத்து அழித்துவிடுவேன். பால்பாயிண்ட் என்றால் அந்த இடத்தில் பொடிசாக ஒரு தாள் ஒட்டுவேன். ஒரே ஒரு புத்தகத்தில் மட்டும் ஒட்டாமல் விட்டிருக்கிறேன். அதில் யாரோ நீல மையில் "டாக்டர்தான் கொலைகாரன்" என்று எழுதியிருக்கிறான். சுத்தப் பொய். டாக்டருக்கும் கொலைக்கும் சம்பந்தமே இல்லை. படிக்கிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, டாக்டர் ஸ்டெதாஸ்கோப் எடுத்தாலே சந்தேகப்பட்டு, கடைசியில் ஏமாந்து, சிரித்துக்கொண்டே வருகிறார்கள். எழுதியவனை நேரில் பார்த்தால் டீ வாங்கிக் கொடுப்பேன். புத்தகத்தின் பெயரை இங்கே சொல்ல மாட்டேன்.

நாம் வாயால் செய்யும் சிபாரிசும் பல சமயம் அந்த நீல மை மாதிரியான வேலையைத்தான் செய்கிறது. "கடைசியில ஒரு ட்விஸ்ட் இருக்கு பாருங்க" என்று ஆர்வத்தில் சொல்லிவிடுகிறோம். ட்விஸ்ட் இருக்கிறது என்று தெரிந்த வாசகர் நல்லவராக வரும் ஆளைத்தான் முதலில் சந்தேகப்படுவார். அத்தோடு பாதி வேலை கெட்டது. "நான் நினைக்கவே இல்ல" என்பதும் அதே வகைதான். முதல் இருபது பக்கத்துக்குள் நடப்பதை மட்டும், ஒருவருக்கு வந்த சிக்கலாகச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வது என் வழக்கம். கதையைச் சொல்லும்போது எதிராளியின் கண்ணைப் பார்ப்பேன். கை புத்தகத்துக்கு நீண்டுவிட்டால் அதற்குமேல் ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

எங்கள் பக்கத்தில் க்ரைம் கதை சிபாரிசு செய்வதில் வேறு ஒரு சங்கடம் உண்டு. காசிமேட்டிலிருந்து ஓர் அக்கா வருவார். விடிகாலை மீன் ஏலம் முடிந்து, வியாபாரம் முடிந்து, மத்தியானம் படுக்கும் முன்னால் அரைமணி நேரம் படிப்பவர். ஆக்‌ஷன் என்று நான் ஒரு புத்தகத்தை நீட்டியபோது கையை ஆட்டிவிட்டார். "வெட்டுக்குத்து வாணாம்பா. அதெல்லாம் வூட்டாண்டையே பாத்தாச்சி." அவ்வளவுதான் சொன்னார். நானும் கேட்கவில்லை. அவருக்கு விஷம், போலிக் கையெழுத்து, காணாமல் போன உயில், பணத்துக்காக நடத்தும் நாடகம் என்று ரத்தம் சிந்தாத குற்றமாகப் பார்த்துத் தனி அடுக்கே வைத்திருக்கிறேன். வேகத்தில் அவர் யாருக்கும் குறைந்தவரில்லை. ஒரு வாரத்துக்கு ஒன்று தாங்காது அவருக்கு.

வியாசர்பாடிப் பையன் ஒருவனுக்கு வேறு கோபம். "வில்லன் அடியாளைத் தேடினா நேரா நம்ம ஏரியாவுக்குத்தான் வண்டி வுடுறான், ஏண்ணா?" நியாயமான கேள்வி. சினிமாவில் மட்டுமல்ல, பழைய நாவல்களிலும் இது உண்டு. கதாநாயகன் மயிலாப்பூரிலோ பெசன்ட் நகரிலோ இருப்பான். ரவுடி வேண்டும் என்றால் மட்டும் பாலத்துக்கு இந்தப் பக்கம், வடசென்னைக்கு வருவான். அந்த ரவுடி வாய் திறந்தால் வரிக்கு இரண்டு 'இன்னாமே' இருக்கும். எங்கள் தெருவில் யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அந்தப் பையன் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் அப்ரண்டிஸ், அவன் அப்பா ஆட்டோ ஓட்டுகிறார், அக்கா டீச்சர். கதையில் தன் ஊர்ப் பெயர் வந்தவுடன் கூடவே கத்தி வரும் என்று தெரிந்து படிப்பது அவனுக்கு எப்படி இருக்கும்? நல்ல கதை என்றால் கொடுப்பேன், ஆனால் "இதுல நம்ம ஏரியா வருது, கொஞ்சம் அப்படித்தான் எழுதியிருக்கான்" என்று சொல்லிவிடுவேன். தெரிந்து படிக்கும்போது திட்டிக்கொண்டே ரசிக்கலாம். தெரியாமல் இடித்துக்கொண்டால் புத்தகத்தை மூடிவிடுவார்கள். "எது இருந்தா படிக்க மாட்டீங்க?" என்று எல்லாரிடமும் கேட்டுவிடுகிறேன், ஏன் என்று கேட்பதில்லை. குழந்தைக்கு ஆபத்து வரும் கதை வேண்டாம் என்பார்கள், பெண்ணைத் துன்புறுத்துவது வேண்டாம் என்பார்கள், நாய் சாகக் கூடாது என்று ஒருவர். எல்லாவற்றையும் குறித்துக்கொள்வேன்.

எழுத்தே ஓடாத பசங்களுக்கு காமிக்ஸ்தான். சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972இல் 'இரும்புக்கை மாயாவி'யோடு ஆரம்பித்தது. 1984இல் லயன் காமிக்ஸ் வந்தது. டெக்ஸ் வில்லர் கதையில் முதல் பக்கத்திலேயே குதிரை, மூன்றாம் பக்கத்தில் தோட்டா. காரம் போர்டை விட்டு எழுந்திருக்காத பையன்கள்கூட அதை வாங்கிக்கொண்டு ஓரமாக உட்கார்வதைப் பார்த்திருக்கிறேன். "இதுல ஆரம்பிச்சி அப்பறம் பெரிய இலக்கியத்துக்கு வந்துடுவாங்க" என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். வந்தால் வரட்டும். வராவிட்டாலும் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அறுபது வயதில் டெக்ஸ் வில்லர் எடுக்க வருபவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஒன்றும் குறைந்துபோய்விடவில்லை.

புத்தகம் திரும்பி வரும்போது "நல்லா இருந்துச்சா?" என்று கேட்காதீர்கள். மரியாதைக்கு "நல்லா இருந்துச்சு" என்றுதான் வரும். "எங்க தூங்கினீங்க?" என்று கேளுங்கள். நூற்றுப் பத்தாம் பக்கம் என்றால் அங்கே போய்ப் பாருங்கள். அநேகமாக யாராவது ஒருவர் எல்லாவற்றையும் உட்கார்ந்து விளக்கிக்கொண்டிருப்பார். அந்த வாசகருக்கு விளக்கம் ஆகாது, ஓட்டம்தான் வேண்டும் என்று தெரிந்துவிடும். தூங்கவே இல்லை என்றால் மறுபடி அதே எழுத்தாளரைக் கேட்பார். கொடுக்காதீர்கள், நடுவில் இரண்டு வேறு ஆட்களைத் தள்ளிவிட்டு அப்புறம் கொடுங்கள்.

இப்போது எனக்கு ஓர் ஆள் பாக்கி இருக்கிறார். ராஜாஜி சாலைப் பக்கம் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் வேலை, துறைமுகத்துக்குள் போய் வருபவர். கடத்தல் கதை என்றால் உயிர். ஆனால் எந்தக் கதையைக் கொடுத்தாலும் கன்டெய்னர் வரும் இடத்தில் வைத்துவிடுகிறார். "ராத்திரி பூட்டை உடைச்சிச் சரக்க எடுக்கிறான் சார் கதைல. சீல் ஒடஞ்சா அடுத்த நிமிஷம் மாட்டுவான். தெரிஞ்சவன் சீலைத் தொடவே மாட்டான், கதவு ரிவிட்டைக் கழட்டுவான்" என்று எனக்குப் பாடம் எடுக்கிறார். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் மணிக்கணக்கில் லாரி வரிசை நிற்பதையும், எந்தக் காகிதத்தில் யார் கையெழுத்து வேண்டும் என்பதையும் தெரிந்து எழுதிய ஒரு கதை அவருக்கு வேண்டும். தற்சமயம் அந்த ஃபோர்சித்தையே கொடுத்து அனுப்பியிருக்கிறேன். போலி பாஸ்போர்ட் எடுக்கும் பகுதியில் குற்றம் கண்டுபிடிக்காமல் இருந்தால் சரி. துறைமுகத்தை உள்ளே இருந்து தெரிந்து தமிழில் எழுதிய த்ரில்லர் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். அட்டை இல்லாவிட்டாலும், பின் துருப்பிடித்திருந்தாலும் பரவாயில்லை. கடைசித் தாள் மட்டும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.